சக்கரம் வைத்த இரண்டு உருப்படி

ஒரு பொருள் நல்லதா, மோசமா என்று தெரிந்துகொள்ள அது எத்தனை உருப்படி என்று எண்ணினால் போதும் என்று நான் ரொம்பக் காலம் நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். இருபத்திரண்டு வருடம் பஸ்ஸில் கண்டக்டராக நின்று பாருங்கள். உங்களுக்கும் இந்த வியாதி வரும். கையில் ஒரு பை என்றால் யோக்கியமான பயணி. இரண்டு மூட்டை என்றால் சமாளிக்கலாம். ஆறு உருப்படியோடு ஒருவர் படியில் கால் வைத்தால், அவர் சண்டை போடவே வீட்டிலிருந்து கிளம்பியவர். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட, பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தக் கூடத்தில் இருந்த தலைகளைத்தான் எண்ணினேன். (பதினேழு. பெண் பதினெட்டாவதாக வந்தாள். அந்தத் தகவலை அவளிடமே சொன்னது தனி முட்டாள்தனம்.)

இந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு ஒருமுறை ஸ்பீக்கர் தேர்ந்தெடுத்தேன். நாலு வருடம் ஆகிவிட்டது. இன்னும் கோபம் அடங்கவில்லை. யார் மேல் கோபம் என்று கேட்டால் பட்டியலே இருக்கிறது. அந்தப் பெட்டிகளின் மேல். பெட்டிக்கு அடியில் இருந்த சக்கரங்களின் மேல். முன்னால் எரிந்த நீல விளக்கின் மேல். சவுண்டு சேகரின் மேல். அவனுடைய சிரிப்பின் மேல் தனியாக. பட்டியலின் கடைசியில் என் பெயரும் இருக்கிறது, பொடி எழுத்தில்.

எங்கள் வண்டி கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் வண்டி. டிரைவர் தணிகாசலம் அண்ணன். அந்த மலைப்பாதையின் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவையும் அவர் தன் வீட்டுப் புழக்கடை போலத் தெரிந்து வைத்திருந்தார். இரவில் வயிற்றுவலிக்காரரை ஏற்றிக்கொண்டு வழியில் எங்கும் நிற்காமல் இறங்கியது, மழையில் பாறை விழுந்த அன்று பயணிகளோடு சேர்ந்து பாறையைத் தள்ளியது என்று மலையில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். எல்லாம் அவரைப் பற்றியவை. அவர் காதில் மட்டும் அவற்றில் ஒன்றும் விழுந்ததில்லை. காரணம் எளியது. டிரைவருக்கு இடது பக்கம் எஞ்சின். முப்பது வருடம் அது அவர் காதிலேயே உறுமி உறுமி, இடது காது அவருக்குப் பத்து வருடம் முன்னாலேயே ஓய்வு பெற்றுவிட்டது. வலது காது பரவாயில்லை. ஆனால் பக்கத்தில் வந்து பேச வேண்டும், அல்லது சத்தம் பெரிதாக இருக்க வேண்டும். பயணிகள் சீட்டில் இருந்தபடி என்ன சொன்னாலும் அவருக்குப் போய்ச் சேராது. என் விசில் மட்டும் கேட்கும். ஒன்று என்றால் நிற்கும். இரண்டு என்றால் கிளம்பும். எங்கள் இருவருக்கும் நடுவே இருந்த மொத்த மொழியும் அதுதான்.

அவர் ஓய்வு பெறும் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடைசி டிரிப் வெள்ளிமலைக்கு. மதியம் ஒன்று நாற்பதுக்குப் போய்ச் சேரும், இரண்டரைக்குத் திரும்பும். இடையில் ஐம்பது நிமிடம். அந்த ஐம்பது நிமிடத்தில் அண்ணனை உட்கார வைத்து மாலை போட்டு, மலையில் இருக்கிற ஆட்கள் எல்லாரும் ஆளுக்கு இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று பஸ் நிற்கும் இடத்து டீக்கடையில் முடிவாகியது. பந்தலும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு.

"மைக் செட்டு மட்டும் கீழருந்து கொண்டாந்துடு கண்டக்டரே," என்றார் பொன்னம்மா. அங்கே மாவு மில் நடத்துகிற அம்மா; அவர் சொன்னால் அந்த ஊரில் மறுபேச்சு கிடையாது. "மேல இருக்கற செட்டு அன்னிக்கி வேற ஊரு திருவிழாவுக்குப் போவுது. பெருசா கொண்டா. நாங்க பேசறது அவரு காதுல வுழணும். முப்பது வருசமா சொல்லணும்னு வெச்சிக்கினு கீறோம்."

சொல்ல வேண்டியவர்களிடம் சொல்ல இருந்தது. கேட்க வேண்டியவருக்குக் காது கேட்காது. நடுவில் இருக்கிற ஒரே பாலம் ஸ்பீக்கர். அந்தப் பாலத்தைக் கட்டும் பொறுப்பை, ஸ்பீக்கரைப் பற்றி எதுவும் தெரியாத என்னிடம் கொடுத்தார்கள். நானும் நெஞ்சை நிமிர்த்தி, "கவலையே படாதீங்க," என்றேன். அந்த நெஞ்சை இப்போது பார்த்தால் ஒரு குத்து விடுவேன்.

கச்சிராயபாளையம் ரோட்டில் சவுண்டு சேகரின் கடை. அவனிடம் போவதில் எனக்கு விருப்பமே இல்லை. என் புது வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு அவன்தான் செட்டுப் போட்டான். பெட்டி காலையிலிருந்து "கொர்ர்ர்" என்று இரைந்தது. என்னடா இது என்று கேட்டதற்கு, மைக்கை வைத்துக்கொண்டே, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "கண்டக்டரு வூட்டு கரண்டு இல்ல? சில்லறையாத்தான் வருது," என்றான். விருந்தாளிகள் எல்லாம் சிரித்தார்கள். என் மாமனார் ஜாஸ்தியாகச் சிரித்தார். அதை நான் மறக்கவில்லை.

இருந்தாலும் தணிகாசலம் அண்ணனுக்காகப் போனேன். சேகர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எனக்கு வகுப்பு எடுத்தான்.

"ரெண்டு விதம் கீது கண்டக்டரே. ஒண்ணு, நம்ம கடையில இருக்கிற பாஸிவ் பொட்டி. உள்ள வெறும் ஸ்பீக்கருதான். அத்தப் பாட வெக்கிற ஆம்ப்ளி வெளிய தனியா இருக்கும். ஆம்ப்ளிக்கு ஒரு ப்ளக் இருந்தா போதும், அங்கருந்து பொட்டிக்கு எவ்ளோ தூரம் வேணாலும் ஒயரு இழுத்துக்கினு போவலாம். இன்னொண்ணு பவர்டு. ஆம்ப்ளி பொட்டிக்குள்ளயே இருக்கும். மண்டபத்துல ஷோக்கா பாடும். ஆனா ஒவ்வொரு பொட்டிக்கும் பக்கத்துலயே கரண்டு வேணும். அதுவும் நல்ல கரண்டா வேணும். மலைக்கு எடுத்துக்கினு போனா..."

நான் எங்கே கேட்டேன்? எண்ணிக்கொண்டிருந்தேன். பெட்டி இரண்டு. ஸ்டாண்டு இரண்டு. ஆம்ப்ளி ஒன்று. மிக்ஸர் ஒன்று. என் இடுப்புச் சுற்றளவில் ஒயர்ச் சுருள் இரண்டு. மூலையில் லாரி பேட்டரி ஒன்று. அதோடு இந்த சேகர் ஒன்று. ஆகப் பத்து உருப்படி! பத்து உருப்படியை மலைக்குப் போகிற பஸ்ஸில் ஏற்றினால் மனிதர்கள் எங்கே உட்காருவார்கள்?

"பேட்டரி இன்னாத்துக்கு?" என்றேன்.

"கரண்டு சரியில்லன்னா ஆம்ப்ளி..."

"அதெல்லாம் சரியா இருக்கும். உன் கரண்டு ஆராய்ச்சிய என் வூட்டுலயே பாத்துட்டேன்," என்று எழுந்து வந்துவிட்டேன். நல்ல பதில் சொன்ன திருப்தியில் சைக்கிளை அவன் கடை வாசலிலேயே மறந்துவிட்டு வீடு வரைக்கும் நடந்தே போனேன். திரும்பிப் போய் எடுக்க மானம் இடம் கொடுக்கவில்லை. மறுநாள் என் மனைவி மல்லிகா போய் எடுத்து வந்தாள்.

மல்லிகாவின் தம்பி பிரபு, பிறந்தநாள் பார்ட்டிகளுக்கு பலூன் கட்டி, மேடை ஜோடித்துக் கொடுக்கிற தொழில் செய்கிறான். அவனிடம் இருந்தது அது. பவர்டு ஸ்பீக்கர். இரண்டே உருப்படி. அடியில் சக்கரம். மேலே கைப்பிடி, விமானத்துக்குப் போகிறவர்கள் இழுத்துக்கொண்டு போகிற பெட்டி மாதிரி. முன்னால் நீல விளக்கு. மைக்குக்கு ஒயர்கூடக் கிடையாது. பார்த்த மாத்திரத்தில் எனக்குக் காதல் வந்துவிட்டது. என் வீட்டுக் கூடத்தில் வைத்துப் போட்டுப் பார்த்தோம். ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு, "இன்னா விசேஷம்?" என்று வந்துவிட்டார்.

"மாமா, ரெண்டு பொட்டிக்கும் தனித்தனியா கரண்டு குடுக்கணும்," என்றான் பிரபு.

"தெரியும்டா."

"வோல்டேஜ் கம்மியா இருந்தா கட்டாயிடும்."

"தெரியும்டா!"

எதுவும் தெரியாது. ஆனால் 'தெரியும்டா' என்று சொல்கிற வேகத்தில் மட்டும் நான் அந்த ஜில்லாவிலேயே முதல் ஆள். தெரியும் என்பதற்கு அத்தாட்சியாக, வீட்டில் இருந்த ப்ளக் பாக்ஸ் ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டேன். அது ஃபிரிட்ஜுக்குப் போட்டிருந்தது என்பது அப்போது என் கவனத்தில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பஸ்ஸின் முகப்பில் வாழைக்கன்று கட்டியிருந்தோம். இரண்டு பெட்டிகளையும் கடைசி சீட்டுக்கு முன்னால் நிறுத்தினேன். மூன்றாவது வரிசையில், ஜன்னல் ஓரமாக, வெள்ளைச் சட்டையில் சவுண்டு சேகர்.

"நீ எங்க வர்ற?"

"தணிகாசலம் அண்ணன் எனக்கும் அண்ணன்தான். வெள்ளிமலை ஒண்ணு குடு," என்று டிக்கெட்டுக்குக் கை நீட்டினான். பின்னால் திரும்பிப் பெட்டிகளைப் பார்த்தான். அந்தப் பார்வையே எனக்கு எரிச்சலைக் கிளப்பியது.

மலை ஏற ஆரம்பித்ததும் சக்கரத்தின் உண்மையான குணம் தெரிந்தது. சக்கரம் என்பது உருளும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நாற்பத்தேழு வயதாகியிருக்கிறது. முதல் வளைவில் ஒரு பெட்டி ஒய்யாரமாகத் திரும்பிப் பார்த்தது. இரண்டாவது வளைவில் மெதுவாக நடக்க ஆரம்பித்தது. மூன்றாவதில் இறங்கி வந்த ஒரு ஜீப்புக்காக அண்ணன் பிரேக் போட, பெட்டி சீட்டுகளுக்கு நடுவே முன்னால் ஓடியது. இரண்டு பக்கமும் பயணிகள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். ஒரு கிழவர் முருகா என்றார். நான் பின்னாலேயே ஓடினேன். பெட்டி நேராகப் போய் எஞ்சின் மூடியில் மோதி, டிரைவர் பக்கத்தில் நின்றது.

அண்ணன் திரும்பிப் பார்த்தார். "இன்னா குமரேசா, யாராச்சும் எறங்கணுமா?"

"டிக்கெட் எடுத்துச்சா அந்தப் பொட்டி?" என்றான் சேகர். பஸ் முழுக்கச் சிரிப்பு. மீதி மலையை நான் இரண்டு பெட்டிகளையும் இரண்டு முழங்காலால் அணைத்துக்கொண்டு, கடைசி சீட்டில் உட்கார்ந்தபடியே டிக்கெட் கொடுத்துக் கடந்தேன்.

வெள்ளிமலையில் மைதானம் நிறைய கூட்டம். நடுவில் பந்தல். பந்தலில் துண்டு விரித்த நாற்காலி. அண்ணனை இறக்கி மாலை போட்டு அதில் உட்கார வைத்தார்கள். நான் பெட்டிகளை உருட்டிக்கொண்டு போய் இரண்டு பக்கமும் நிறுத்தினேன். சபாஷ் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ப்ளக் எங்கே என்று கேட்டேன்.

"எங்கன்னா?" என்றார் பொன்னம்மா. "பந்தல்ல ப்ளக்கு மொளைக்குமா? தோ, நம்ம மில்லுல ஒண்ணு கீது."

மில் அங்கே, மைதானத்தின் ஓரத்தில். பந்தல் இங்கே. நடுவில் முப்பது மீட்டர் இருக்கும். என் ஃபிரிட்ஜ் ப்ளக் பாக்ஸின் ஒயர் மூன்று மீட்டர்.

அந்தச் சமயம் பார்த்துப் போன் அடித்தது. மல்லிகா.

"ஃபிரிட்ஜ் ஒயரை நீங்களா எடுத்துக்கினு போனீங்க? நேத்து வாங்கின மீனு உள்ள கீது!"

மீனை நினைப்பதா, முப்பது மீட்டரை நினைப்பதா? அப்போது நேரம் ஒன்று ஐம்பத்தைந்து. ஊரில் யாரிடமாவது நீள ஒயர் இருக்கிறதா என்று கேட்கலாம் என்ற எளிய யோசனை வந்ததா? வரவில்லை. பதற்றத்தில் எனக்கு வருகிற யோசனைகள் எல்லாமே பிரம்மாண்டமானவை. ஒயர் பந்தலுக்கு எட்டாது என்றால், விழாவை ஒயருக்குக் கொண்டு போவோம் என்று முடிவு செய்தேன்.

"எல்லாரும் மில்லு பக்கம் வாங்க! அண்ணே, எழுந்துருங்க!"

அண்ணனுக்குக் கேட்கவில்லை. விசில் அடித்தேன். எழுந்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் ஓட, மாலையோடு அவர் பின்னால் வர, அவருக்குப் பின்னால் மொத்த மலையும் வந்தது. மில் சுவரோரம் உட்கார வைத்தேன். உள்ளே கேழ்வரகு அரைத்துக்கொண்டிருந்தார்கள். மாவு பறந்து அண்ணனின் தலையிலும் மாலையிலும் இறங்கியது. ஐந்து நிமிடத்தில் அவர் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டார்.

இரண்டு பெட்டிக்கும் ப்ளக் கொடுத்தேன். நீல விளக்கு எரிந்தது. உயிர் வந்த மாதிரி இருந்தது. உடனே, பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், சுத்தமான இங்கிலீஷில், மலை எதிரொலிக்க, "புளூடூத் மோட்!" என்றது.

கூட்டம் கை தட்டியது. பொன்னம்மாவின் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் முதலில் பேச வந்தார். மைக்கைப் பிடித்தார். "நம்ம டிரைவரு அண்ணனைப் பத்தி..." என்று ஆரம்பித்தார். அண்ணன் முகம் மலர்ந்தது. கேட்கிறது! கேட்கிறது என்று எனக்குக் கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

உள்ளே அடுத்த கூடைக் கேழ்வரகைக் கொட்டி மிஷினை ஓட்டினார்கள். வோல்டேஜ் இறங்கியது. நீல விளக்கு அணைந்தது. பேச்சு நின்றது. கூடை அரைத்து முடிந்து மிஷின் நின்றதும் விளக்கு திரும்ப எரிந்தது. "புளூடூத் மோட்!" பேச வந்தவர் தொண்டையைச் செருமினார். அடுத்த கூடை. விளக்கு அணைந்தது. மிஷின் நின்றது. "புளூடூத் மோட்!"

இப்படி ஆறு முறை. (எண்ணினேன். வேறென்ன தெரியும் எனக்கு?)

தணிகாசலம் அண்ணன் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "குமரேசா, யாரு அந்தம்மா? எங்க உக்காந்துக்கினு கீறாங்க? திரும்பத் திரும்ப ஒண்ணையே பேசறாங்களே. பெரிய எடமா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள், பெட்டியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்தக் கும்பிடைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. மில்லுக்குள் பாய்ந்தேன். பத்துப் பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றிருந்தார்கள்.

"மிஷினை நிறுத்துங்க! அரை மணி நேரம் நிறுத்தினா இன்னா கெட்டுப் போவுது?"

"ராத்திரிக்கி களி கெட்டுப் போவுது," என்றாள் ஒருத்தி. "உன் பொட்டிய திங்கறதா?"

"நாலு மைலு தலையில தூக்கிக்கினு வந்துருக்கேன். இத்த அரைச்சிட்டுத்தான் நானும் பேசணும்," என்றாள் இன்னொருத்தி.

பொன்னம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தார். "கண்டக்டரே, என் மிஷினு பதினஞ்சு வருசமா இதே கரண்டுல ஓடுது. உன் பொட்டி இப்பத்தான் வந்துச்சு. அதுக்கு இந்தக் கரண்டு ஒத்துக்கலன்னா அது இன்னா மகாராணியா?"

வெளியே வந்தேன். இரண்டு மணி எட்டு நிமிடம். சேகர் மில் சுவரில் சாய்ந்து, வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான்.

"சொல்லித் தொலைடா," என்றேன்.

"இன்னாத்த?"

"எதையாவது!"

அவன் ஒரு கடலையை உரித்தான். நிதானமாக ஊதினான். "கடையில ஒரு பேட்டரி பாத்தியே, இன்னாத்துக்குன்னுகூட கேட்டியே. நான் சொல்றதுக்குள்ள எந்திரிச்சிப் போயிட்ட. நம்ம ஆம்ப்ளி பன்னண்டு வோல்ட்டு பேட்டரியிலயே பாடும். கரண்டே வேணாம். பந்தல்லயே வெச்சிருக்கலாம்."

"இப்ப அது எங்க?"

"கடையில தூங்குது. கீழ."

கீழே! ஒன்றரை மணி நேரம் கீழே! அவன் கையிலிருந்த கடலைப் பொட்டலத்தைப் பிடுங்கித் தரையில் அடித்தேன். அவன் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுகொண்டே சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் பட்டியலில் தனியாகச் சேர்த்திருக்கிறேன்.

ஆனால் பேட்டரி என்ற சொல் என் தலையில் ஏறிவிட்டது. பேட்டரி என்றால் பஸ்ஸில் இல்லையா? ஓடினேன். பெட்டியில் பேட்டரி ஒயரைச் சொருக எந்த ஓட்டையும் கிடையாது என்பதோ, பஸ் பேட்டரி எத்தனை வோல்ட் என்பதோ எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஓடியிருப்பேன். அந்த நிலைமையில் யாராவது மாட்டு வண்டியிலிருந்து கரண்ட் எடுக்கலாம் என்று சொல்லியிருந்தால் மாட்டிடமும் கேட்டிருப்பேன். பேட்டரி மூடியின் கொக்கியை நான் திருகிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒரு குரல்.

"என் வண்டி மேல கை வெச்ச, இன்னிக்கி ரிட்டையரு ஆவறதுக்குள்ள உன்ன கொன்னுட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்."

தணிகாசலம் அண்ணன். கேழ்வரகு மாவோடும் மாலையோடும் நின்றார். அவருக்குக் காதுதான் மந்தம். கண் நன்றாகத் தெரியும்.

என்னிடம் மிச்சம் இருந்தது தொண்டை ஒன்றுதான். அவரைத் திரும்ப நாற்காலிக்கு இழுத்து வந்து, ஒரு கல்லின் மேல் ஏறி நின்றேன். சட்டைப் பையிலிருந்து நாலு பக்கப் பேச்சை எடுத்தேன். ஆமாம், நானும் எழுதி வைத்திருந்தேன். 'மலைமகளின் மடியில்' என்று ஆரம்பிக்கும். ஆரம்பத்தை என்னால் முடிந்த மட்டும் கத்தினேன். 'மடியில்' என்ற இடத்தில் குரல் உடைந்து, கதவு கிறீச்சிடுகிற ஒலி ஒன்று வந்தது. இருமல் பிடித்துக்கொண்டது. கூட்டத்தில் ஒருவர் தண்ணீர் கொடுத்தார். மணி இரண்டு பதினைந்து.

அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தார். "நிறுத்துப்பா. இருபது வருசமா என் முதுகுக்குப் பின்னால கத்திக்கினுதான் கீற. என்னிக்காச்சும் கேட்டனா? விசிலுக்குத்தான வண்டி ஓட்டினேன்?" என்றார்.

பிறகு நாற்காலியைத் தானே தூக்கினார். மில்லுக்கு எதிர்ப்பக்கம், சத்தம் இல்லாத இடமாகப் பார்த்து, வேப்ப மரத்தடியில் போட்டார். இடது பக்கம் மரத்தை ஒட்டி, வலது பக்கம் காலியாக இருக்கும்படி திருப்பி உட்கார்ந்தார். வலது காதை ஒரு விரலால் தட்டிக் காட்டினார்.

"ஒவ்வொருத்தரா வாங்க," என்றார்.

கூட்டம் ஒரே சமயத்தில் அந்தக் காதின் மேல் பாய்ந்தது. அந்த இடத்தில்தான், அன்றைய நாளில் முதல் முறையாக, எனக்குத் தெரிந்த வேலை ஒன்று வந்தது.

"நெருக்காதீங்க! வரிசை! வரிசை! கூடை வெச்சிருக்கறவங்க கூடையக் கீழ வெச்சிட்டு வாங்க! யோவ், பின்னால எடம் கீது பாரு!"

ஒருவர் குனிந்து காதில் பேசுவார். அண்ணன் கேட்பார். பேசியவர் நகர்ந்ததும் இரண்டு விசில். அடுத்தவர். யாராவது ரொம்ப நேரம் எடுத்தால் ஒரு விசில். அப்படியும் நகரவில்லை என்றால் தோளைப் பிடித்து நகர்த்தினேன். சேகரும் வரிசையில் வந்தான். அண்ணன் காதில் என்னவோ சொன்னான். இருவரும் ஒரே சமயத்தில் திரும்பி என்னைப் பார்த்து, உடம்பு குலுங்கச் சிரித்தார்கள். அவனுக்கு மட்டும் மூன்று விசில் அடித்தேன்.

இரண்டரை தாண்டியது. அண்ணன் வண்டியைப் பார்க்கவே இல்லை. கடைசியில் பொன்னம்மா வந்தார். மில்லை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். குனிந்து ரொம்ப நேரம் பேசினார். நான் விசிலை வாயில் வைத்தேன், ஊதவில்லை. அண்ணன் முகத்தில் மாவின் மேல் இரண்டு கோடு இறங்கியது. பொன்னம்மா நிமிர்ந்து, "அவ்ளோதான்," என்று சொல்லிவிட்டு மில்லுக்குப் போனார். மில் நின்றிருந்ததால் கரண்ட் அப்போதுதான் தேறியது போலிருக்கிறது. அந்தக் கணம் பார்த்துச் சுவரோரத்திலிருந்து அந்தம்மா, "புளூடூத் மோட்!" என்றாள்.

அங்கே யார் என்ன சொன்னார்கள் என்று எனக்கு இன்று வரைக்கும் தெரியாது. அண்ணனிடம் பல தடவை கேட்டுவிட்டேன். "உனக்கு எதுக்கு?" என்கிறார். எல்லாருக்கும் கேட்கும்படி ஊருக்கே போட வேண்டிய பேச்சு. கடைசியில் ஒரு காதுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. அதற்கும் கோபப்பட வேண்டும் என்றுதான் பார்க்கிறேன். அந்த ஒன்றுக்கு மட்டும் வரவில்லை.

பெட்டிகளில் ஒன்று அன்றோடு ஊமையாகிவிட்டது. அரை மணி நேரம் செத்துச் செத்துப் பிழைத்ததில் உள்ளே ஆம்ப்ளி போய்விட்டதாம். சேகரிடம்தான் கொண்டு போக வேண்டி வந்தது. "வெளிய இருந்திருந்தா அதை மட்டும் மாத்தியிருக்கலாம்," என்று ஆரம்பித்தான். கடை வாசலிலேயே காதைப் பொத்திக்கொண்டேன். மீன் போன கதையை மல்லிகா தனியாகச் சொல்வாள். மிக்ஸி வாங்கப் போனாலும் சரி, மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனாலும் சரி, எங்கள் வீட்டில் இன்னும் ஒரே கேள்விதான்: "எத்தனை உருப்படி? சக்கரம் கீதா?" பிரபு ஒரு படி மேலே போய், நான் வாயைத் திறந்து ஏதாவது யோசனை சொன்னால், பெண் குரலில், "புளூடூத் மோட்," என்கிறான். என் பேரப்பிள்ளை ஒன்று இனிமேல் பிறந்தால், அம்மா என்பதற்கு முன்னால் அதைத்தான் பேசும்.

நடந்தது இவ்வளவுதான். அன்று எந்த ஸ்பீக்கரும் பேசவில்லை. நாற்பத்தோரு பேர் பேசினார்கள். வரிசை முடிந்ததும் அண்ணன் என்னைப் பார்த்து, "நீ இன்னாப்பா சொல்லணும்?" என்று காதைத் தட்டினார். என் கையில் நாலு பக்கம் இருந்தது. பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"அண்ணே, டைம் ஆயிடுச்சு," என்றேன்.

அவர் தலையாட்டினார். போய் வண்டியில் ஏறினார். நான் இரண்டு விசில் அடித்தேன். வண்டி இருபத்தைந்து நிமிடம் தாமதமாகக் கிளம்பியது.